முதலில் தொகை, பிறகு ஊர்

வருடக் கடைசி விடுமுறை நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயணச் செலவு பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 7,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு விடுமுறைக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? வருமானத்தில் பத்து விழுக்காடு என்கிறார் நண்பர். (செந்தூல்)

பதில்: அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். 7,200 சம்பளத்தில் கடனில்லாத சொந்த வீட்டில் இருப்பவரும், அதே சம்பளத்தில் வீட்டுக்கு 2,100, காருக்கு 900 என்று கட்டுகிறவரும் எப்படி ஒரே அளவு செலவழிக்க முடியும்?

கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். மாதக் கடைசியில் உண்மையாக மிஞ்சியது எவ்வளவு என்று பாருங்கள். மூன்று மாதச் செலவுக்கான அவசரப் பணம் தனியாக இல்லையென்றால் மிச்சத்தில் பாதி அங்கே போகவேண்டும். மீதிதான் பயணத்துக்கு. மாதம் 250 என்று வந்தால் வருடத்துக்கு 3,000. அந்த 3,000ஐக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் தேடுங்கள். பலர் ஊரை முடிவு செய்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் காசுக்கு அலைகிறார்கள்.

இன்னொன்று. சுங்கைப் பட்டாணியில் கல்யாணம், தீபாவளிக்கு மாமியார் வீடு, தைப்பூசத்துக்குப் பினாங்கு, இவையும் பயணம்தான். பெட்ரோல், டோல், தங்கும் அறை, மொய் எல்லாவற்றையும் எழுதுங்கள். என் வீட்டில் முதன்முதலாகக் கூட்டிப் பார்த்த வருடம் அது மட்டுமே 1,900 வெள்ளி வந்தது. அதுவரை அதை யாரும் செலவாகவே நினைத்திருக்கவில்லை.

கேள்வி: பாயிண்ட் சேரும் என்பதால் பயணச் செலவு முழுவதையும் கிரெடிட் கார்டில் போடலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: மாதா மாதம் முழுத் தொகையையும் கட்டுகிறவரானால் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: பயணக் கண்காட்சியில் கொரியாவுக்குத் தலைக்கு 2,999 என்று போட்டிருந்தது. முன்பணம் கட்டினோம். இப்போது தலைக்கு 4,350 ஆகிறது என்கிறார்கள். முன்பணம் திரும்புமா? (கிள்ளான்)

பதில்: ரசீதின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? விமான நிலைய வரி, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ், பயணக் காப்புறுதி, பட்டியலில் இல்லாத இடங்களுக்குத் தனிக் கட்டணம், அறையை இருவர் பகிராவிட்டால் கூடுதல் பணம் என்று அங்கே அச்சாகியிருந்தால், நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், வாதாட இடம் குறைவு. எழுதாத ஒன்றைப் பின்னால் சேர்த்திருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம். மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். விளம்பரத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வீடு திரும்பும்வரை இதற்கு மேல் நான் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும்?” பதிலை வாட்சாப்பில் எழுதி வாங்குங்கள். மலிவு என்று நான் ஒருமுறை தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு மூன்று நாள் பயணம் வாங்கினேன். அதில் ஒன்றரை நாள் நகைக் கடையிலும் தலையணைக் கடையிலும் கழிந்தது. பேருந்தில் இருந்த அத்தனை பேரும் காத்திருக்க, 380 வெள்ளிக்கு ஒரு தலையணை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆறு மாதத்தில் நசுங்கிவிட்டது. அந்த 380ஐயும் சேர்த்துத்தான் அந்தப் பயணத்தின் விலை.

கேள்வி: அக்கா, என் அண்ணன் குடும்பம் ஐரோப்பா போய் வந்ததிலிருந்து என் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூத்தவள் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். 12,000 வெள்ளி குறைகிறது. கார்டில் போட்டு மாதம் 300 கட்டினால் தெரியாமலே கழிந்துவிடும் என்கிறார் மனைவி. (பட்டர்வொர்த்)

பதில்: கழியாது, தம்பி. நம் நாட்டில் கார்டு வட்டி வருடத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு. ஒழுங்காகக் கட்டி வருகிறவருக்கு 15, அடிக்கடி தவறுகிறவருக்கு 18. 18 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் மாதம் நீங்கள் கட்டும் 300இல் 180 வட்டிக்கே போய்விடும். கடன் முடிய ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் 6,400ஐத் தாண்டும். 15 விழுக்காடு என்றாலும் நாலரை வருடத்துக்கு மேல். உங்கள் மகள் ஐந்தாம் படிவத்தில் எஸ்பிஎம் தேர்வு எழுதி முடித்துக் கல்லூரியில் சேரும்போதும் பாரிஸில் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதை நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன். குளிர்பெட்டியைத் தவணையில் வாங்கினால், கட்டி முடிக்கும்வரையாவது அது சமையலறையில் நிற்கும். பயணம் அப்படியல்ல. திரும்பி வந்து பெட்டியைப் பிரித்த அன்றே அது முடிந்துவிடுகிறது, கடன் மட்டும் வீட்டில் தங்குகிறது. இப்போது எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் ‘மாதம் வெறும் 99’ என்று போடுகிறார்கள். மொத்த விலை எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. ‘பூஜ்ய வட்டி’ என்று வருவதிலும் ஒரு மாதம் தவறினால் சலுகை போய்விடும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மாதத் தொகையைப் பார்த்து ஒரு பயணத்தை முடிவு செய்யாதீர்கள். மொத்தத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2008இல் நாங்கள் பெர்த் போனது தனிநபர் கடனில். மறு வருடம் கணவருக்கு ஓவர்டைம் நின்றுபோனது. தவணை தவறக்கூடாது என்று தாலிக்கொடியைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்தேன். மீட்க ஒன்பது மாதமாயிற்று. அந்த ஒன்பது மாதமும் மஞ்சள் கயிற்றோடு கல்யாண வீடுகளுக்குப் போய் வந்தவள் நான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். “நம்மிடம் இவ்வளவு இருக்கிறது, எங்கே போகலாம், நீங்களே தேடுங்கள்” என்று விட்டுப் பாருங்கள். இரண்டாம் படிவப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

கேள்வி: லீவு உறுதியாகும் முன்பே பினாங்குக் கடற்கரையான பத்து ஃபெரிங்கியில் மூன்று இரவுக்கு 1,140 வெள்ளிக்கு அறை எடுத்துவிட்டேன். ‘பணம் திரும்பாது’ வகை, 60 வெள்ளி மலிவு. லீவு கிடைக்கவில்லை. சட்டப்படி என்ன செய்யலாம்? (பூச்சோங்)

பதில்: சட்டப்படி ஒன்றும் செய்வதற்கில்லை. திரும்பாது என்று படித்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். ஓட்டலுக்கே நேரடியாகப் போன் செய்து, தேதியை மாற்றித் தரும்படியோ வேறொருவர் பெயரில் மாற்றித் தரும்படியோ தன்மையாகக் கேளுங்கள். லீவுக் கடிதம் கைக்கு வரும் முன் இந்த வகை அறையைத் தொடாதீர்கள் என்று போன விடுமுறையிலும் எழுதியிருந்தேன்.

கேள்வி: எங்கள் கோயில் மகளிர் குழுவில் பதினொரு பேர் காசி, ராமேஸ்வரம் யாத்திரைக்குத் தலைக்கு 5,600 கட்டினோம். ஏற்பாடு செய்தவர் கோயிலுக்கு வந்து பழகியவர். பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போனது. புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது போனை அடைத்துவிட்டார். வீட்டில் எல்லாரும் எங்களைத்தான் திட்டுகிறார்கள். (புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: அம்மா, முதலில் அந்தத் திட்டை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் நின்று தேவாரம் பாடியவரை நம்பியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருப்பேன். குற்றம் செய்தவர் அவர்.

பதினொரு பேரும் இன்றே போலீஸ் புகார் கொடுங்கள், தனித்தனியாக. பணம் அனுப்பிய சீட்டு, வாட்சாப் உரையாடல், பயண நிரல் எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் சுற்றுலா நடத்துவது 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி குற்றம், எனவே சுற்றுலா அமைச்சிலும் புகார் செய்யுங்கள். அவர் பெயரில் பதிவு செய்த நிறுவனம் ஏதும் இருந்தால் தீர்ப்பாயத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே மனுப் போடலாம். பணம் முழுதும் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பதினொரு புகாரை ஒதுக்கி வைப்பது ஒரு புகாரை ஒதுக்குவதுபோல் எளிதல்ல.

யாத்திரைக்குக் கிளம்பும் மற்றவர்கள்: அமைச்சின் இணையத்தளத்தில் உரிம எண்ணைப் பாருங்கள். போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு, மோசடிப் புகார் உண்டா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு சென் அனுப்பாதீர்கள். அனுப்பிய கையோடு சந்தேகம் வந்தால் உடனே 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: சென்னை விமானம் ஆறு மணி நேரத் தாமதம். பயணத்தையே கைவிட்டோம். வவுச்சர்தான் தருவோம் என்கிறார்கள். (ஜெலுத்தோங்)

பதில்: வாங்காதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து நம் நாட்டு விதிப்படி, விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணம் வேண்டாம் என்கிறவருக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், கட்டிய அதே வழியில், 30 நாளுக்குள்.

கேள்வி: கணவருக்கு 38 வயது. ஊழியர் சேமநிதியில் (EPF) எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து 8,000 எடுத்து பாலி போகலாம் என்கிறார். (பாயான் லெப்பாஸ்)

பதில்: எடுக்கலாம், விதி அனுமதிக்கிறது. வருடம் 5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்தாலும் அந்த 8,000 இருபது வருடத்தில் 21,000க்கு மேல் ஆகும். பாலிக்கு அந்த விலை தகும் என்று இருவருக்கும் தோன்றினால் போங்கள். நானாக இருந்தால் எடுக்கமாட்டேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 68. ஓய்வூதியம் வருகிறது. கையில் 40,000 சேமிப்பு, கடன் இல்லை. தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க 5,000 ஆகும். இந்த வயதில் எதற்கு வீண் செலவு என்கிறார்கள் பிள்ளைகள். (ஆயர் ஈத்தாம்)

பதில்: போங்கள், டீச்சர். சேமிப்பில் எட்டில் ஒரு பங்கு, அதுவும் உங்கள் சொந்தக் காசு. கடாரம் வென்ற ராஜேந்திரனைப் பற்றி எத்தனை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்! அவன் கட்டிய கோயிலை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டாமா? மருத்துவச் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி எடுங்கள், வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்திருக்கும் தை மாதமாகப் பாருங்கள். விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள், முழங்காலை நீட்டிக்கொள்ளலாம்.