ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு சின்னப் பை

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போதைப்பொருள் எதிர்ப்பு மன்றமும் என் தலையில்தான். ஜூன் 26 அன்று ஊர்வலம், உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் நடத்தினோம். அடுத்த வாரமே ஒரு பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற சின்னப் புகையிலைப் பை) இருந்தது. ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவன் அவன்! டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். நான் எங்கே தப்பு செய்தேன்? பிள்ளைகளிடம் என்னதான் பேசுவது?
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: இரண்டாம் பரிசு வாங்கினான் என்று எழுதியிருக்கிறீர்களே டீச்சர், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கெடுதல் என்று அவனுக்குத் தெரியும். புற்று வந்த தாடையை நம்மைவிட நன்றாகவே வரைந்திருப்பான். அதெல்லாம் ஐம்பது வயதுத் தாத்தாவுக்கு வருவது, நமக்கென்ன என்று வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பான், அவ்வளவுதான்.

இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1983-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 'டேர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். யூனிஃபார்ம் போட்ட போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து பாடம் எடுப்பார். பெற்றோருக்கும் பரம திருப்தி, நாடு முழுக்கப் பரவியது. பிறகு அந்தப் பாடம் படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் சில வருடம் கழித்து வைத்துப் பார்த்தால், சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. பல ஆய்வுகள் இதையே சொன்ன பிறகு பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியிலும் இதுதான்: வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தும் படங்கள், 'நானும் ஒரு காலத்தில் போதைக்கு அடிமையாக இருந்தேன்' என்று ஒருவரை மேடையேற்றிப் பேச வைப்பது, இவை எதற்கும் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. கடைசியில் சொன்னதை நம் ஊரில் ரொம்ப ஆசையாகச் செய்கிறோம். மேடையில் மாலை மரியாதையோடு நிற்கிற ஆளைப் பார்த்து, எல்லாம் செய்துவிட்டு வெளியேயும் வந்துவிடலாம் போலிருக்கிறதே என்றுதான் பின்வரிசைப் பையன் எடுத்துக்கொள்வான்.

சரி, வேறென்ன செய்வது?

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கிலிருந்தே தொடங்குங்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம், கையெழுத்து தெரியாதபடி எண் மட்டும். முதல் கேள்வி: உன் வகுப்பில் பத்துக்கு எத்தனை பேர் கூல் லிப் போடுகிறார்கள் என்று நினைக்கிறாய்? இரண்டாவது: நீ போட்டதுண்டா, உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. இரண்டாவதன் சராசரியைப் பத்தால் பெருக்கினால் அதுவும் பத்துக்கு எத்தனை பேர் என்றாகிவிடும். பெரும்பாலும் முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சின்னதாகவும் வரும். 'எல்லாரும் போடறாங்க' என்கிற நினைப்புதான் பையன்களை இழுக்கிறது, அந்த நினைப்பு பொய் என்று அவர்களே சராசரி எடுத்துக் கரும்பலகையில் பார்க்கட்டும். ஆனால் ஒன்று, சீட்டுகளை முதலில் நீங்கள் தனியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது எண்ணும் பெரிதாக இருந்தால் வகுப்பில் வாசிக்கவே கூடாது, நேரே தலைமையாசிரியரிடம் போக வேண்டிய விஷயம் அது.

அப்புறம், மறுக்கப் பழக்குங்கள். இதைத்தான் நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. 'வேண்டாம் என்று உறுதியாகச் சொல்' என்கிறோம், பதினாலு வயதுப் பையன் கூட்டாளிகள் நடுவில் நின்று உறுதிமொழி நடையில் பேசினால் அன்றோடு அவன் கதை முடிந்தது. பாத்ரூம் பின்பக்கம் நடப்பது வேறு. 'டேய், ஒரே ஒரு தடவ, மிட்டாய் மாதிரிதாண்டா இருக்கும்' என்று ஒருவன் நீட்டுவான், ரெண்டு பேர் சிரிப்பார்கள். மூன்று நொடிதான் அவகாசம். அந்த மூன்று நொடியை வகுப்பில் நடித்துப் பார்க்க விடுங்கள். வசனத்தை அவர்களே எழுதட்டும். 'போன தடவ எங்கண்ணன் வாந்தி எடுத்தான்டா, ஆள விடு' என்று ஒருவன் சொல்வான், இன்னொருவன் பேச்சைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிட்டு நழுவுவான். பொய்க் காரணம் சொல்லக் கற்றுக்கொடுக்கலாமா என்று யோசிக்காதீர்கள், கௌரவம் போகாமல் தப்பிக்கிற வழிதான் அவனுக்கு அப்போது தேவை. வருடம் முழுக்க மாதம் ஒரு பீரியட் இதற்கு ஒதுக்கினால் ஊர்வலத்தைவிட எவ்வளவோ மேல்.

பேசும்போது கஞ்சாவோடு நிறுத்திவிடாதீர்கள். 2019-ல் வந்த மத்திய அரசின் தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது ஒரே ஒரு வகைதான்: முகர்ந்து பார்க்கிற பொருட்கள். ஒயிட்னர், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் மாதிரியானவை. எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கப் போகாதீர்கள், அது பயிற்சி வகுப்பாகிவிடும். முதல் தடவையிலேயே இதயம் நின்று போகலாம் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-லிருந்து தடை. கூல் லிப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-ல் கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக்கூடாது. சிறுவர்களுக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவின்படி ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புகாரைப் பள்ளியின் பெயரில் எழுதிப் போலீஸிடம் கொடுங்கள், 10581 என்ற எண்ணிலும் சொல்லலாம். எந்தக் கடை என்று அந்தப் பையனை மட்டும் வகுப்பு நடுவே நிறுத்திக் கேட்காதீர்கள். சாயங்காலம் அதே கடை வழியாகத்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

கடைசியாக டி.சி. தலைமையாசிரியரிடம் நயமாக, ஆனால் விடாமல் பேசுங்கள். பள்ளியை விட்டுப் போனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் எங்கே இருப்பான் என்று நினைக்கிறார்? அந்தக் கடை வாசலில்தான். இன்னொன்றும் நடக்கும், மீதி நாற்பது பேரும் டீச்சரிடம் சொன்னால் டி.சி.தான் என்று புரிந்துகொண்டு வாயைக் கட்டிக்கொள்வார்கள். அவனைத் தனியாக உட்கார வைத்து, 'எப்போதிலிருந்து?' என்று மட்டும் கேளுங்கள். 'இன்னும் யார் யார்?' என்று கேட்காதீர்கள். தினமும் போடாமல் இருக்க முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம், 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடுவதாக இருந்தால் பெற்றோர் கூட்டத்தன்று வேண்டாம், வேறொரு நாள் பள்ளி விட்ட பிறகு வரச் சொல்லுங்கள். முதலில் அவன் வரைந்த அந்தப் படத்தை எடுத்துக் காட்டிவிட்டு, அப்புறம் விஷயத்துக்கு வாருங்கள்.