பகலில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை

கேள்வி: கல்லூரித் தோழிகள் நால்வர் வரும் பிப்ரவரியில் ஜப்பானின் சப்போரோ பனித் திருவிழாவுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களில் யாரும் பனி பெய்து பார்த்ததில்லை. இருவர் சைவம். விளக்கொளியில்தான் சிற்பங்கள் அழகு, ஒரு மாலை போதும் என்கிறாள் ஒருத்தி. உண்மையா? குளிரைத் தாங்க முடியுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒரு மாலை போதவே போதாது என்று உங்கள் தோழியிடம் சொல்லுங்கள். நானும் தோழிகளோடுதான் போனேன். விழாவின் முக்கிய இடமான ஒடோரி பூங்காவில் இரவு வண்ண விளக்குகளின் கீழே பார்த்த பனி மாளிகையின் முகப்பை மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோதுதான், அதன் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருப்பது தெரிந்தது. சாய்வான வெயிலில் வெண்பனியில் பதிந்த ஒவ்வொரு வெட்டுக்கும் நிழல் விழுகிறது. வண்ண விளக்கு அந்த நிழலைக் கரைத்துவிடுகிறது. பனிக்கட்டிச் சிற்பங்கள் இதற்கு நேர்மாறு. அவை சுசுகினோ பகுதியில், சாலை நடுவே வரிசையாக நிற்கும். ஒளி ஊடுருவுவதால் அவற்றுக்கு இரவுதான் ஏற்ற நேரம். சில கட்டிகளுக்குள் மீனும் நண்டும் உறைந்திருக்கும். உங்கள் சைவத் தோழிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரிய சிற்பங்கள் 15 மீட்டர் உயரம் வரை எழும்பும். அருகில் நிற்கும்போது இது எப்படி நிற்கிறது என்ற கேள்வி வராமல் இருக்காது. நகரத் தெருப் பனியில் மண் கலந்திருக்கும். அழுக்கு வெயிலை உறிஞ்சிப் பனியைச் சீக்கிரம் உருக்கிவிடும். அதனால் தூய பனியை வெளியிடங்களிலிருந்து லாரிகளில் கொண்டுவருகிறார்கள். சுற்றிப் பலகை அடைத்து, உள்ளே பனியைக் கொட்டி, மிதித்து இறுக்குகிறார்கள். நன்றாக இறுகியதும் பலகையைப் பிரித்துவிட்டு, மண்வெட்டியாலும் கோடரியாலும் உருவம் கொண்டுவருகிறார்கள். ஜப்பானின் தற்காப்புப் படையினர் 1955 முதல் இந்தப் பெரிய வேலைக்குத் தோள்கொடுத்து வருகிறார்கள்.

இத்தனை சொன்னாலும், நான் அதிக நேரம் நின்றது சிறிய சிற்பங்களின் முன்னால்தான். 1950இல் பள்ளி மாணவர்கள் இதே பூங்காவில் ஆறு பனிச் சிலைகள் செய்துவைத்ததில் தொடங்கியது இந்த விழா. அந்த மரபை இன்றும் காப்பாற்றுகிறவர்கள், குடும்பமாகவும் அலுவலக நண்பர்களாகவும் கூடி, ஆளுயரத்துக்குச் சற்று மேலான சிலைகளைச் செய்துவைக்கும் ஊர்மக்களே. மூக்கு சற்றுக் கோணலாக இருக்கும், காது பெரிதாக இருக்கும்; ஆனால் செய்தவர்களின் கை அதில் தெரியும். பலர் பூங்காவின் கிழக்கு முனையில் உள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தருகே படம் எடுத்துக்கொண்டு பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மேற்கே நடந்துகொண்டே இருங்கள். கிழக்கிலிருந்து எண்ணிட்டு வரும் பூங்காப் பகுதிகளில் பதினோராவதில், 1974இல் தொடங்கிய சர்வதேசப் பனிச்சிற்பப் போட்டி நடக்கும். பனியே விழாத தாய்லாந்திலிருந்து வரும் அணி அதில் பலமுறை முதலிடம் பெற்றிருக்கிறது! விழாவின் முதல் நாட்களில் போனால் அணிகள் செதுக்குவதையே அருகில் நின்று பார்க்கலாம். வெயிலில் மழுங்காத விளிம்புகளையும் பார்க்கலாம். கடைசி நாளை நம்பிப் பயணத்தை அமைக்காதீர்கள். விழா முடிந்த கையோடு பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் இயந்திரங்களால் இடித்துவிடுவார்கள்.

குளிர் தாங்கக்கூடியதே. பகலில் பூஜ்யம் டிகிரியை ஒட்டியும், இரவில் மைனஸ் ஆறு, ஏழு வரையிலும் இருக்கும். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய உடைகளை அடுக்கி அணிவது நல்லது. கடைகளுக்குள்ளும் ரயிலிலும் வெப்பம் அதிகம், வேர்த்துவிடும். குளிரைவிட வழுக்கலுக்குத்தான் நான் பயப்படுவேன். காலணியின் அடியில் மாட்டும் முள்பட்டைகள் அங்குள்ள சிறு கடைகளிலேயே கிடைக்கும். இறங்கியதும் முதலில் அதை வாங்குங்கள். செல்பேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும்.

சாப்பாடு: வெண்ணெய் போட்ட வெந்த உருளைக்கிழங்கு கடைகளில் ஆவி பறக்கக் கிடைக்கும், சைவத் தோழிகளுக்கு அது பெரிய துணை. சப்போரோவின் பெயர்பெற்ற ‘சூப் கறி’யில் (சூப் போலத் தண்ணீராக இருக்கும் மசாலாக் குழம்பு) காய்கறி வகை உண்டு, ஆனால் அடிச்சாறு பெரும்பாலும் இறைச்சியிலோ மீனிலோ எடுத்ததாக இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நால்வரும் ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டாம். கூட்டத்தை ஒரே திசையில்தான் நடக்கவிடுவார்கள். படம் எடுப்பவருக்காக மற்றவர்கள் பனியில் நின்று விறைத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். அந்தத் தொலைக்காட்சிக் கோபுரத்தடியில் சந்திப்பதாக நேரம் குறித்துக்கொண்டு பிரிந்து போங்கள். அறைகளை மட்டும் பல மாதம் முன்பே பதிவுசெய்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர்களில் பாதிப்பேர் சப்போரோவுக்குப் பதில் சீனாவின் ஹார்பின் பனித் திருவிழாவுக்குப் போகலாம் என்கிறார்கள். எது சிறந்தது?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பனிக்கட்டிக்கு ஹார்பின், வெண்பனிக்கு சப்போரோ. சொங்ஹுவா ஆறு உறைந்ததும் டிசம்பரில் அதிலிருந்து கட்டிகளை அறுத்தெடுத்து, உள்ளே விளக்கு வைத்து, ஏறி நடக்கக்கூடிய கோட்டைகளையே ஹார்பினில் எழுப்புகிறார்கள். பிரமிப்பில் அதற்கு நிகரில்லை. ஆனால் அங்கே இரவில் மைனஸ் இருபதுக்கும் கீழே போகும். உங்கள் குழுவில் ஆஸ்துமா உள்ளவர் ஒருவர் இருந்தாலும் சப்போரோவுக்கே போங்கள்.