ஓர் எழுத்து மாறினாலும் இ-விசா செல்லுமா?

கேள்வி: நானும் அம்மாவும் முதல்முறையாக வெளிநாடு போகிறோம். இருவருக்கும் வியட்நாம் இ-விசா எடுத்துவிட்டேன். தளத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப் மட்டும்தான் கையில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரோ முத்திரையோ எதுவும் இல்லை. இது போதுமா? அம்மாவின் விசாவில் பாஸ்போர்ட் எண்ணில் சுழி (0) வரவேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' விழுந்திருப்பது போலத் தெரிகிறது. இது பெரிய தப்பா? ஹோ சி மின் நகரில் இறங்கி, இடையில் நான்கு நாள் சாலை வழியாகக் கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஹோ சி மின் நகரிலேயே விமானம் ஏறுவதாகத் திட்டம். விசா இரண்டும் ஒற்றை நுழைவு. கிளம்ப இன்னும் 16 நாள் இருக்கிறது.

பதில்: 16 நாள் இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள், அது நல்லதாகப் போயிற்று. பிடிஎஃப் போதும். ஆனால் எண் தவறாக இருக்கிற விசாவை வைத்துக்கொண்டு அம்மாவை விமான நிலையத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். கம்போடியா திட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஸ்டிக்கர் விசா என்பது பாஸ்போர்ட்டிலேயே ஒட்டியிருக்கிற பொருள். அதில் சின்னப் பிழை இருந்தாலும், தூதரகம் இந்தப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் கொடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி. இ-விசாவுக்கு அந்தச் சாட்சி கிடையாது. அது அந்த நாட்டுக் கணினியில் இருக்கிற ஒரு பதிவு. அந்தப் பதிவையும் உங்களையும் இணைக்கிற கயிறு பாஸ்போர்ட் எண்தான். நீங்கள் வைத்திருக்கும் பிடிஎஃப் அந்தப் பதிவின் நகல், அவ்வளவுதான். எண்ணில் ஓர் எழுத்து மாறினால் அந்தப் பதிவு வேறொரு பாஸ்போர்ட்டுக்கு உரியதாகிவிடும். அப்படி ஒரு பாஸ்போர்ட் உலகத்திலேயே இல்லாமலும் இருக்கலாம்.

பிழையை முதலில் பிடிப்பது வியட்நாம் அதிகாரி இல்லை, நீங்கள் புறப்படுகிற ஊரின் செக்-இன் கவுண்டர். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிப் போனால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன. பயணியைத் திருப்பிக் கொண்டுவருவதும் அந்த நிறுவனத்தின் பொறுப்பாகிறது. அதனால் கவுண்டரில் இருப்பவர், விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் 'டிமாட்டிக்' தரவுத்தளத்தைத் திறந்து அந்த நாட்டு விதியைப் பார்ப்பார். பிறகு உங்கள் விசாத் தாளையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஏற்றமாட்டார். அவரிடம் கெஞ்சிப் பயனில்லை, விதியை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அம்மாவின் விசாவில் இருப்பது உண்மையிலேயே 'ஓ'தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் புகைப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் (<) கலந்து இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். இயந்திரம் படிப்பது இதைத்தான். இரண்டாம் வரியின் முதல் 9 இடங்கள் பாஸ்போர்ட் எண்ணுக்கு. எண் 8 இலக்கம்தான் என்றால் ஒன்பதாம் இடத்தில் ஓர் அம்புக்குறி நிற்கும். பத்தாம் இடத்தில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம், எண்ணின் பகுதி இல்லை. (அதையும் சேர்த்து விண்ணப்பத்தில் அடித்துவிடுபவர்கள் நிறைய.) இந்த வரிகளுக்கென்று உள்ள எழுத்துருவில் 'ஓ' அகலமாகவும் சுழி ஒடுக்கமாகவும் இருக்கும்.

அப்போதும் கண் நம்பவில்லை என்றால் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆங்கில எழுத்துகளுக்கு 'ஏ' 10, 'பி' 11 என்று வரிசையாக மதிப்பு உண்டு, 'ஓ'வுக்கு 24. அம்புக்குறிக்குச் சுழி. ஒன்பது இடங்களையும் 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று முறைவைத்துப் பெருக்கிக் கூட்டி, 10-ஆல் வகுத்து வரும் மீதிதான் பத்தாம் இடத்தில் இருக்க வேண்டும். 'ஓ'வையும் சுழியையும் எந்த இடத்தில் மாற்றிப் போட்டாலும் இந்த மீதி மாறிவிடும். ஆக, பாஸ்போர்ட்டில் இருப்பது எது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அது சுழிதான், விசாவில் இருப்பது 'ஓ'தான் என்று தெரிந்துவிட்டால், புதிதாக விண்ணப்பியுங்கள். பெரும்பாலான இ-விசாத் தளங்களில் வெளியான விசாவைத் திருத்த வழி கிடையாது, கட்டிய பணமும் திரும்பாது. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் விமானச் சீட்டோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. வியட்நாமில் ஒற்றை நுழைவுக்கு 25 டாலர், பல நுழைவுக்கு 50 டாலர். பரிசீலனைக்கு 3 வேலை நாள் என்று சொல்வார்கள். வேலை நாள் என்பது அந்த நாட்டு வேலை நாள், அவர்கள் விடுமுறை நம் நாட்காட்டியில் இருக்காது. கூடுதலாகச் சில நாள் ஆகும் என்றே வைத்துக்கொண்டு இன்றே போட்டுவிடுங்கள். மின்னஞ்சலுக்காகக் காத்திருக்காமல் பதிவு எண், மின்னஞ்சல் முகவரி, பிறந்த தேதி மூன்றையும் கொடுத்து நீங்களே தளத்தில் தினமும் நிலவரம் பாருங்கள். பணம் கட்டிய ரசீதை விசா என்று நினைத்து அச்செடுத்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் பிறந்த தேதியையும் பார்த்துவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் 3-ஆம் தேதி ஜூலையில் பிறந்தவர். யாரோ அவசரமாகப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததில் அது 7-ஆம் தேதி மார்ச் ஆகியிருந்தது. பெயர் சரி, எண் சரி, படமும் சரி. கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். மகன், மருமகள், பேரன் மூவரும் உள்ளே போய்விட, அவர் மட்டும் பெட்டியோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. நாள் முதலா மாதம் முதலா என்பதைப் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் பாருங்கள். பாஸ்போர்ட்டின் அடிவரியில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக இருக்கும், அதோடு ஒத்துப் பாருங்கள்.

பெயருக்கும் அதே அடிவரிகள்தான் அளவுகோல். முதல் வரியில் இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது இயற்பெயர். நாம் வழக்கமாக எழுதுகிற வரிசை இங்கே எடுபடாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்கள், அந்த நாட்டுத் தளம் சொல்கிறபடிதான் மற்றக் கட்டத்தை நிரப்ப வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கிறார்கள்.

இனி கம்போடியா. ஒற்றை நுழைவு விசாவில் ஒரு தடவை உள்ளே போகலாம். வியட்நாம் எல்லையைத் தாண்டிக் கம்போடியாவுக்குள் கால் வைத்த நிமிடம் உங்கள் வியட்நாம் விசா முடிந்துவிட்டது, அதில் எத்தனை நாள் மிச்சம் இருந்தாலும் சரி. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தால் எல்லையில் நிற்பீர்கள், விமானமோ ஹோ சி மின் நகரில். இதற்கு இரண்டு வழி. ஒன்று, இருவருக்கும் பல நுழைவு விசா எடுப்பது. அம்மாவுக்கு எப்படியும் புதிதாகப் போடுகிறீர்கள், அதிலேயே பல நுழைவைத் தேர்ந்தெடுத்துவிடலாம். இன்னொன்று, திரும்பும் விமானத்தைக் கம்போடியாவிலிருந்தே பிடிப்பது. டிக்கெட்டை மாற்ற அதிகம் செலவாகாது என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஹோ சி மின் நகரிலிருந்து புனோம் பென் சுமார் 230 கிலோமீட்டர், அங்கிருந்து அங்கோர் இருக்கும் சியெம் ரீப் இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல். நான்கு நாளில் போகவும் வரவும் பேருந்தில் என்றால் அம்மா கோயிலைவிட சாலையைத்தான் அதிகம் பார்ப்பார்.

கம்போடியாவுக்குத் தனி விசா வேண்டும், அதிலும் இ-விசா உண்டு. ஆனால் ஒன்று கவனியுங்கள்: இரண்டு நாட்டு விசாவிலும் தேதி அச்சாகியிருக்கும், இரண்டு தேதிக்கும் பொருள் வேறு. வியட்நாம் விசாவில் இருப்பது இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை என்ற வேலி. 2023 ஆகஸ்ட் 15 முதல் அதிகபட்சம் 90 நாள் தருகிறார்கள். நீங்கள் தாமதமாகப் போனால் வேலி உங்களுக்காக நகராது. தொடக்கத் தேதிக்கு முந்தைய இரவு 11:40-க்கு விமானம் இறங்குகிறது என்றால், அந்த இருபது நிமிடத்துக்காகவே கவுண்டரில் மறுக்கலாம். கம்போடிய விசா அப்படி இல்லை. வெளியான நாளிலிருந்து 3 மாதத்துக்குள் உள்ளே போக வேண்டும், உள்ளே போன நாளிலிருந்து 30 நாள் தங்கலாம். எந்த நாட்டு விசா கையில் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தேதி நுழைவதற்கா, தங்குவதற்கா? தங்கும் நாளை எண்ணும்போது இறங்கிய நாளையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இ-விசா எல்லா எல்லையிலும் செல்லாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எந்த விமான நிலையம், எந்தத் தரைவழிச் சாவடி என்று ஒவ்வொரு நாடும் பட்டியல் வைத்திருக்கிறது. ஹோ சி மின் நகரிலிருந்து போகும் சாலையில் வியட்நாம் பக்கம் மொக் பாய், கம்போடியா பக்கம் பாவெட் என்று இரண்டு சாவடிகள் எதிரெதிரே. இரண்டுமே அந்தந்த நாட்டு இ-விசாவை ஏற்பவை. வேறு ஏதாவது குறுக்கு வழியில் பேருந்து போகிறது என்று சொன்னால் ஏறாதீர்கள். வியட்நாம் படிவம் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் கேட்கும், உங்கள் பயணத்தில் உள்ளதையே கொடுங்கள்.

விசா வெளியாகிவிட்டது என்றால் எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். துருக்கி சில நாட்டவருக்கு, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து இவற்றில் ஒன்றின் விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால்தான் இ-விசா தருகிறது. படிவத்தில் 'இருக்கிறது' என்று டிக் செய்து பணம் கட்டினால் விசா வந்துவிடும். ஆதாரத்தைக் கேட்பது விமான நிலையத்தில். அங்கே இன்னொரு நாட்டின் இ-விசாவை ஆதாரமாகக் காட்டவும் முடியாது.

மறுபடி விண்ணப்பிக்கும்போது எந்தத் தளத்தில் போடுகிறீர்கள் என்பதில் மிக கவனமாக இருங்கள். தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். பெயரில் 'இ-விசா', 'அஃபீஷியல்' எல்லாம் இருக்கும், கொடியும் இருக்கும், கட்டணம் மட்டும் பல மடங்கு. பணம் போவதைவிட, உங்கள் பாஸ்போர்ட் படம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் எனக்குக் கவலை. அரசுத் தள முகவரிகள் பெரும்பாலும் 'கவ்' (gov) அல்லது 'கோ' (go) என்ற பின்னொட்டும் நாட்டின் ஈரெழுத்துக் குறியும் கொண்டு முடியும். கனடா போல விலக்கும் உண்டு, அதனால் முகவரியை மட்டும் நம்பாமல் அந்த நாட்டுத் தூதரகத் தளத்துக்குப் போய் அங்கிருக்கும் இணைப்பின் வழியே நுழையுங்கள். கனடாவின் இ-டிஏ என்ற இணையவழிப் பயண அனுமதிக்கு அரசு வாங்குவது 7 கனடிய டாலர்தான், அதற்கே ஐம்பது அறுபது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஷெங்கன் நாடுகளுக்குச் 'சுற்றுலா இ-விசா' வாங்கித் தருகிறேன் என்று ஒரு தளம் சொன்னால், அதை உடனே மூடிவிடுங்கள். அப்படி ஒன்று பொதுமக்களுக்கு இன்னும் இல்லை.

நாட்டுக்குள் நுழைபவர் தன் விவரங்களை நிரப்பிக் கொடுக்கும் வருகை அட்டை என்பது விசாவிலிருந்து தனி. தாய்லாந்து 2025 மே 1 முதல் அதை இணையத்தில் நிரப்பச் சொல்கிறது. மலேசியா, சிங்கப்பூர், கம்போடியாவிலும் உண்டு. அரசுத் தளங்களில் அது இலவசம். விசா இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், இதற்குப் பணம் கேட்டால் கட்டாதீர்கள்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் விசாவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அமெரிக்க ஸ்டிக்கர் விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தாலும் புதியதோடு சேர்த்துக் காட்டிப் போகலாம். இ-விசாவுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள், எண் மாறினால் பதிவும் போயிற்று. நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு 6 மாதமாவது ஆயுள் இருக்கட்டும், முத்திரை குத்த இரண்டு காலிப் பக்கமும்.

புதிய விசா வந்ததும் இருவருக்கும் இரண்டிரண்டு அச்சுப்பிரதி எடுங்கள். போனில் இருப்பது போதும் என்பார்கள், சார்ஜ் இல்லாத போனை அதிகாரி படிக்க முடியாது. ஒரு பிரதி அம்மாவின் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம். இமிக்ரேஷனில் ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள், சில நேரம் அம்மா உங்களுக்கு முன்பே போக வேண்டியிருக்கும். ஹோட்டல் முகவரி, திரும்பும் விமானத்தின் எண், உங்கள் பெயர் மூன்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதி அதே பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள். அதிகாரி ஏதாவது கேட்டால் அம்மா அதை எடுத்து நீட்டினாலே போதும்.