பார்வையற்றவர்களால் வீடியோ கேம் ஆட முடியுமா? அவர்களுக்காக மாற்றினால் கேமின் சவால் போய்விடாதா?

முடியும். ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமைப் பார்வையற்ற பலர் யார் துணையும் இல்லாமல் ஆடி முடித்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் வசதிகள் அதில் 60க்கும் மேல் உண்டு. மெனுவில் இருப்பதை ஒரு குரல் வாசித்துக் காட்டும். ஒரு பட்டனை அழுத்தினால் போகவேண்டிய திசைக்குக் கேமரா திரும்பிக்கொள்ளும். எதிரி இடப்பக்கம் நிற்கிறானா, வலப்பக்கமா என்பது ஹெட்போனில் ஒலியாக வரும். தாவவேண்டிய இடத்துக்கு ஒரு ஒலி, குனியவேண்டிய இடத்துக்கு வேறொன்று. அத்தனையையும் காதிலேயே பழகி, பதுங்கிப் பதுங்கி ஆடுகிறவரிடம் போய் "உங்களுக்கு ஈஸியாக்கிட்டாங்க" என்று யாராவது சொல்ல முடியுமா?

சவால் விஷயத்துக்கு 2018இல் வந்த 'செலஸ்டே'யைச் சொல்வேன். மலையேறும் கேம், மிகக் கடினமானது. வேகத்தைக் குறைக்கவும், சாகாமல் ஆடவும் அதிலேயே செட்டிங் இருக்கிறது. வேண்டாதவர் தொடாமல் விடலாம். அந்த ஆண்டின் சிறந்த இண்டி கேம் (பெரிய நிறுவனங்களைச் சாராமல் செய்யப்படும் கேம்) விருது அதற்குத்தான் கிடைத்தது.

வேகமான விரலும் கூர்மையான கண்ணும் உள்ள இளைஞன்தான் கேமர் என்ற எண்ணத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும். என் தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அணிகளை அந்த இரண்டு நிறத்தில் காட்டும் கேமில் சொந்த அணிக்காரனையே சுட்டுவிட்டு, வாய்ஸ் சாட்டில் கண்டபடி திட்டு வாங்குவான். ஒரு அணியை நீலமாக மாற்ற வழி வைத்திருந்தால் அதோடு தீர்ந்தது. குறை அவனிடம் இல்லை என்று அவனுக்குப் புரியவைக்கவே எனக்கு நாளாயிற்று.

கை கால் இயக்கத்தில் சிரமம் உள்ளவர்களுக்கு 2018இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற, கேமை இயக்கும் கருவி வந்தது. பின்பக்கம் 19 ஜாக்குகள். பெடல், பெரிய பட்டன் என அவரவருக்கு வசதியானதைச் செருகிக்கொள்ளலாம். ஆனால் வெளியான விலையே சுமார் 100 டாலர், சுவிட்சுகள் தனிச் செலவு.

அப்புறம், நம் ஊரில் பெரும்பாலோர் ஆடுவது போனில். அங்கேதான் நிலைமை மோசம். பல கேம்களில் எழுத்தும் பட்டனும் வெறும் படமாகவே திரைக்கு வருவதால் ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதியால் எதையும் வாசிக்க முடிவதில்லை. அதனால் பிளே ஸ்டோரில் ரிவ்யூ எழுதும்போது கிராபிக்ஸோடு இதையும் கேளுங்கள்: டாக்பேக் வேலை செய்கிறதா, நிறத்தை மாற்ற முடிகிறதா, எழுத்தைப் பெரிதாக்க முடிகிறதா. பார்வையுள்ளவர்களும் சேர்ந்து கேட்டால் கேம் செய்கிறவர்கள் காதில் சீக்கிரம் விழும்.