பிரெஸ்ட்ஸ்ட்ரோக்: கை எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீச்சலில் (இரண்டு கைகளையும் ஒன்றாக விரித்து இழுக்கும் மார்பு நீச்சல்) கால் உதை ஓரளவு வந்துவிட்டது. ஆனால் கையை எவ்வளவு பலமாக இழுத்தாலும் வேகம் கூடவில்லை. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் தண்ணீரில் நின்றுபோன மாதிரி இருக்கிறது. எதைத் திருத்துவது?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கையைத் தேவைக்கு மேல் பின்னால் கொண்டுபோகிறீர்கள் என்றே நினைக்கிறேன். கைகளை மாற்றி மாற்றி வீசும் ஃப்ரீஸ்டைலில் கை இடுப்பைத் தாண்டிப் போகலாம். திரும்பி வரும்போது காற்றில்தானே வருகிறது! பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் போன கை பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே திரும்ப வேண்டும். விலா வரை இழுத்துவிட்டால், அங்கிருந்து மேல்கையும் முழங்கையும் தண்ணீரை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரும். இழுத்துச் சம்பாதித்த வேகம் அதிலேயே போய்விடும். போட்டி விதியும் கை இடுப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. தொடக்கத்துக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு வரும் முதல் இழுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் இடுப்பு வரை யோசிக்கவே வேண்டாம். கைகள் தோள் கோட்டுக்கு முன்னாலேயே வேலையை முடிக்கட்டும். இழுப்பு முழுக்க இரண்டு கைகளும் கடைக்கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

இப்போது இழுப்பைப் பார்ப்போம். கைகளை முன்னே நீட்டி, உள்ளங்கையை வெளிப்பக்கம் சாய்த்து, தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரியுங்கள். இதில் அவசரமும் வேண்டாம், பலமும் வேண்டாம். அப்புறம்தான் முக்கியமான இடம்: முழங்கை நீர்மட்டத்தை ஒட்டி உயரமாகவே இருக்க, முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் மடங்கி, விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையோடு முன்கையும் சேர்ந்து தண்ணீரைப் பிடிக்கிறது. முழங்கை முதலில் கீழே விழுந்துவிட்டால் பிடிக்க எதுவும் இருக்காது, கை வழுக்கிக்கொண்டு வரும். பிடித்த தண்ணீரை விடாமல், வேகத்தைக் கூட்டிக்கொண்டே கைகளை மோவாய்க்குக் கீழே உள்பக்கமாகச் சுழற்றுங்கள். கை தரும் உந்துதலில் பெரும்பங்கு இந்த உள்சுழற்சியில்தான் கிடைக்கிறது. தலையும் மார்பும் அப்போது தானாகவே எழும். மூச்சை அங்கே எடுங்கள், கழுத்தைத் தனியாகத் தூக்க வேண்டாம்.

நின்றுபோகிற உணர்வுக்கு இன்னொரு காரணம், கைகள் மார்புக்குக் கீழே கும்பிட்ட மாதிரி ஒரு கணம் தங்குவது. அந்த நேரத்தில் இடுப்பு தாழ்ந்து, முழங்காலும் மடங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரின் எதிர்ப்பு மிக அதிகமாக இருப்பது அப்போதுதான். அங்கே தங்கினால் உடம்பு நிற்காமல் என்ன செய்யும்? கைகள் சேர்ந்ததும் முழங்கைகளை விலாவுக்கு முன்னால் ஒடுக்கி, உடனே முன்னே எறியுங்கள். கை ஏறக்குறைய நீண்ட பிறகு உதை விழட்டும். ஓய்வு வேண்டுமானால் உடம்பு நேர்கோட்டில் நீண்டிருக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு முதலில் ஸ்கல்லிங். புல் பாயை (pull buoy, கால்களை மிதக்க வைக்கும் நுரைக்கட்டை) தொடைகளுக்கு நடுவே வைத்து, கைகளை முன்னே நீட்டி, உள்ளங்கையை மட்டும் சாய்த்துச் சாய்த்து வெளியேயும் உள்ளேயும் அசைத்துக்கொண்டே இருங்கள். உள்ளங்கையில் அழுத்தம் விடாமல் தெரிய வேண்டும். சலிப்பான பயிற்சிதான், ஆனாலும் தண்ணீரைப் பிடிக்கிற உணர்வுக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. அடுத்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கையோடு ஃப்ரீஸ்டைல் உதை, அதாவது கால்களை மாற்றி மாற்றி மேலும் கீழும் அடிப்பது. இடுப்பு தாழாமல் இருப்பதால் கவனம் முழுவதையும் கையில் வைக்கலாம். இடையிடையே விரல்களை முஷ்டியாக மூடி நீந்திப் பாருங்கள், முன்கை வேலை செய்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். கடைசியாக, இரண்டு உதைக்கு ஒரு இழுப்பு.

கை பேடில் (hand paddle, உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு) இப்போதைக்கு வேண்டாம். தவறான இழுப்போடு அதைப் போட்டால் தோளுக்குத்தான் பாரம்.

முன்னேற்றத்தைப் பார்க்க, குளத்தின் ஒரு நீளத்துக்கு எத்தனை இழுப்பு ஆகிறது என்று எண்ணி, நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் கூடாமல் எண்ணிக்கை குறைந்தால் கை சரியாகி வருகிறது. இரண்டும் மாறாமல் இருந்தால், யாரையாவது முன்பக்கத்திலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லி, முழங்கை எப்போது கீழே விழுகிறது என்று பாருங்கள்.