பைக் மீற்றர் காட்டுவது உண்மை வேகமா? கேளுங்கள், சொல்கிறேன்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் 19 வருடமாக வாகன மீற்றர் திருத்துகிறேன். போன கிழமை ஒருவர் புத்தம் புது பைக்கோடு வந்து, "மீற்றர் பொய் சொல்லுது, மாத்தித் தாங்க" என்று நின்றார். மாற்ற ஒன்றுமில்லை என்று விளங்கவைக்க ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் போனது. அதே சந்தேகம் நிறையப் பேருக்கு இருப்பதால் இங்கே கேட்கலாம், கேட்கிறவர்களை ஊர்ப் பெயரால் போடுகிறேன். கேட்பதற்கு முன் ஒரு வேலை: டயருக்குக் காற்று சரியா என்று பாருங்கள். அளவு செயின் கவரில் ஒட்டியிருக்கும்.

வெள்ளவத்தை: அண்ணா, மீற்றரில் 60 போகும்போது ஃபோனில் 55, 56 தான் காட்டுகிறது. எது பொய்?

பதில்: மீற்றர்தான் கூட்டிச் சொல்கிறது, அதுவும் வேண்டுமென்றே. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவுக்கு 39ஆம் இலக்க விதி என்று ஒன்று இருக்கிறது. மீற்றர் காட்டுகிற வேகம் உண்மை வேகத்தை விட ஒருபோதும் குறையக் கூடாது; கூடலாம், உண்மை வேகத்தில் பத்திலொரு பங்கும் அதோடு 4 கிலோமீற்றரும் வரை. அதாவது நீங்கள் உண்மையில் 60இல் போனால் மீற்றர் 70 காட்டினாலும் விதிப்படி அது நல்ல மீற்றர். 59 காட்டினால் கெட்ட மீற்றர். குறைத்துக் காட்டி ஆள் மாட்டிக்கொண்டால் பழி தங்கள் மேல் வரும் என்று பைக் செய்கிறவர்களுக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் மேலே வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

கேபிள் மீற்றர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. நேற்றும் ஒன்றைக் கழற்றினேன். கண்ணாடி வளையத்தை நெம்பி, முள்ளைப் பிடுங்கி, முகத்தகட்டை எடுத்தால் உள்ளே ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம், அதற்குள் ஒரு காந்தம். முன்சக்கரத்திலிருந்து வருகிற கேபிள் காந்தத்தைச் சுற்றும். காந்தம் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் அது சுற்றும்போது அலுமினியத்தில் மின்சுழல், அதாவது சுழன்றோடுகிற மின்சாரம், உண்டாகி கிண்ணமும் கூடவே இழுபடும், மயிரளவு சுருள்வில் ஒன்று அதைத் திரும்ப இழுக்கும். இரண்டும் சமப்படுகிற இடத்தில் முள் நிற்கும். 1902இல் ஜேர்மனியில் ஒட்டோ ஷுல்ட்சே காப்புரிமை எடுத்த வேலை இது. காந்தம் வயசாகித் தளர்ந்தால் முள் குறையக் காட்டும், வில் தளர்ந்தால் கூடக் காட்டும். இப்படி ஒரு சாமானிடம் ஒரு கிலோமீற்றர் பிசகாமல் எதிர்பார்க்கிறீர்களே!

கொட்டாஞ்சேனை: ஃபோன் இல்லாமல் உண்மை வேகத்தைப் பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இது நல்ல கேள்வி, ஆறுதலாகச் சொல்கிறேன். வீதியோரம் கிலோமீற்றர் கல் இருக்கிறது, கையில் மணிக்கூடு இருக்கிறது, வேறென்ன வேண்டும்? 3600ஐ ஒரு கிலோமீற்றருக்கு எடுத்த செக்கனால் வகுங்கள். 60 செக்கன் என்றால் 60, 72 செக்கன் என்றால் 50. ஒரு கல்லை நம்பாதீர்கள். வீதி அகலப்படுத்தும்போது பிடுங்கி நட்ட கற்கள் எத்தனையோ உண்டு. ஐந்து கிலோமீற்றருக்குப் பாருங்கள், போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. அதிவேகப் பாதைக்குள் பைக்கை விடமாட்டார்கள், காலி வீதியில் வெள்ளவத்தை தாண்டுவதற்குள் பத்து சிக்னல். அதனால் புத்தளம் வீதியில் சிலாபத்துக்கு அந்தப் பக்கம் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போங்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஏ9இல் முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு அங்கிருந்து பார்க்கலாம். கணக்கைப் பின்னால் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம்.

வீட்டு முற்றத்திலும் ஒரு சோதனை செய்யலாம். டயரின் வால்வு தரையோடு வருகிற இடத்தில் சோக்கால் கோடு போட்டு, ஒருவரை மேலே உட்காரவைத்து, பைக்கைப் பத்துச் சுற்றுத் தள்ளி, தூரத்தை நாடாவால் அளவுங்கள். 100/90-17 டயருக்குப் புத்தகக் கணக்குப்படி பத்துச் சுற்று 19 மீற்றர் 22 சென்ரிமீற்றர். என் பைக்கில் என் மகன் உட்கார்ந்து அளந்தபோது 18 மீற்றர் 85 தான் வந்தது. பாரம் ஏறினால் டயர் அமுங்கும், காற்றுக் குறைந்தால் இன்னும் அமுங்கும். அதற்குத்தான் முதலிலேயே காற்றைப் பாருங்கள் என்றேன்.

தெஹிவளை: நானா, எந்த ஜீ.பி.எஸ். ஆப் நல்லம்?

பதில்: எல்லாவற்றுக்கும் ஒரே செய்மதிதான். வெட்டவெளியில் ஒரே வேகத்தில் பத்து செக்கன் போனால் எந்த ஆப்பும் ஒரு கிலோமீற்றருக்குள் சரியாகச் சொல்லும், ஏனென்றால் ஃபோன் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்குப் பார்ப்பதை விட, நாம் நகரும்போது செய்மதிச் சமிக்ஞையின் அலை மாறுகிறதே, அதிலிருந்துதான் வேகத்தைப் பெரும்பாலும் எடுக்கிறது. ஆக்சிலரேற்றர் முறுக்கும்போது மட்டும் பார்க்காதீர்கள், பின்தங்கித்தான் வரும். கோட்டைப் பக்கம் மாடிக் கட்டடங்களுக்கிடையில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும், அங்கே வருகிற எண் குப்பை. இன்னொன்று, ஃபோனை ஹாண்டிலில் பூட்டிவைத்தால் அதிர்வில் கமரா பழுதாகலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது.

மட்டக்குளி: பின் டயரை அகலமாகப் போட்டேன், மீற்றர் மாறுமா?

பதில்: மீற்றர் முன்சக்கரத்தில் ஓடினால் மாறாது.

வத்தளை: முன் ஸ்ப்ரொக்கட் (செயின் ஓடுகிற பல்சக்கரம்) 14 பல்லுக்குப் பதில் 15 போட்டால்?

பதில்: கவனம். உங்கள் பைக்கில் மீற்றருக்கு வேகம் சொல்கிற சென்சர் கியர்பெட்டியில் இருந்தால் சக்கரம் 7 வீதம் வேகமாகச் சுற்றும், மீற்றருக்கு அது தெரியாது. கூட்டிச் சொல்கிற மீற்றர் குறைத்துச் சொல்கிற மீற்றராக மாறுவது இங்கேதான். முன்சக்கரத்தில் சென்சர் என்றால் பயமில்லை.

பொரளை: என் 150 சிசி மீற்றரில் 140 தொட்டது, வீடியோ இருக்கு.

பதில்: இருக்கட்டும் தம்பி. காற்றைக் கிழிக்கத் தேவையான வலு வேகத்தின் மும்மடியாக ஏறும். 110இல் ஓட வேண்டிய வலுவைப் போல இரண்டு மடங்குக்கும் சற்றுக் கூட 140க்கு வேண்டும். அந்த எஞ்சின் அதை எங்கிருந்து எடுக்கும்? இறக்கமா, பின்காற்றா, மீற்றரா என்று வீடியோவுக்குத் தெரியாது.

பம்பலப்பிட்டி: எந்த ஆப் நல்லம் அண்ணா?

பதில்: தெஹிவளைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

மருதானை: பைக் இல்லை, ஓட்டோ பற்றிக் கேட்கலாமா? ஒரே பாதையில் ஒருநாள் மீற்றர் 9.1 கிலோமீற்றர், மறுநாள் வேறு ஓட்டோவில் 9.8. ஏமாற்றா?

பதில்: கேட்கலாம், ஆனால் இது தேன்கூட்டில் கல். ஓட்டோ மீற்றருக்குத் தெரிந்தது சக்கரம் எத்தனை சுற்று என்பது மட்டும்தான். சக்கரம் சுற்றும்போது மீற்றருக்கு வருகிற மின்துடிப்பு ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை என்ற எண்ணை உள்ளே போட்டிருப்பார்கள். 4.00-8 டயர் சின்னது. 6 மில்லிமீற்றர் தேய்ந்தால் சுற்றளவு 3 வீதம் குறையும், பைக் டயரில் அதே தேய்வு 2 வீதம்தான். சுற்றளவு குறைந்தால் அதே தூரத்துக்குச் சுற்று கூடும், மீற்றரும் கூடக் காட்டும்; ஒன்பது கிலோமீற்றருக்கு மூன்று வீதம் என்றால் கால் கிலோமீற்றர் சொச்சம். உங்கள் 700 மீற்றரில் மிச்சம் பாதையோ, போட்ட எண்ணோ.

தெமட்டகொடை: நான் ஓட்டோ ஓட்டுகிறவன். தேய்ந்த டயர் எண்டு எங்கட தலையில போடாதீங்க. ஓட்டோ கூப்பிடுற ஆப்தான் தூரத்தை வெட்டுது!

பதில்: அதுவும் உண்மை அண்ணா. ஆப் சில செக்கனுக்கு ஒருதடவை புள்ளி வைத்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. வளைவுள்ள ஒழுங்கைகளில் மூலைகள் வெட்டுப்படும். நேர்வீதியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்.

மருதானை: பார்த்தீங்களா, அப்ப எனக்குக் கால் கிலோமீற்றர் காசு திரும்பி வரணும்!

தெமட்டகொடை: டயர் மாத்துற காசை நீங்க தாறீங்களா?

கிராண்ட்பாஸ்: புது டயர் போட்டால் மீற்றர் குறையுமே, அப்ப நட்டம் யாருக்கு?

பதில்: மூன்று பேரும் கிலோமீற்றர் கல்லுக்குப் பக்கத்தில் போய் சண்டை பிடியுங்கள், அங்கே ஐந்து கல் ஓடிப் பார்த்தால் முடிந்தது. இது பைக் கேள்வி நேரம்.

கிராண்ட்பாஸ்: ஓட்டோவும் பைக் எஞ்சின் மாதிரித்தானே...

பதில்: போதும் நானா.

நுகேகொடை: மீற்றர் 55 காட்டியது, பொலிஸ் கருவி 62 என்றது. மீற்றர் கூட்டித்தானே காட்டும்?

பதில்: அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது தங்கச்சி. கருவி பக்கவாட்டில் சரிவாகப் பிடித்தால் குறைத்துத்தான் காட்டும், கூட்டாது. ஸ்ப்ரொக்கட்டோ முன் டயரோ மாற்றியிருக்கிறீர்களா? இல்லையென்றால் பொலிஸைக் கண்டபின் பிரேக் பிடித்துவிட்டு மீற்றரைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான்.

கல்கிசை: மீற்றர் கூட்டிக் காட்டினால் ஓடிய தூரமும் கூடுமா? லீற்றருக்கு 55 ஓடுகிறது என்ற என் கணக்கு பிழையா?

பதில்: கேபிள் மீற்றரில் தூரம் எண்ணுகிற பல்சக்கரத்துக்கும் முள்ளுக்கும் சம்பந்தமில்லை, அது சுற்றை எண்ணுகிறது. டிஜிட்டலிலும் துடிப்பை எண்ணித் தூரம் வரும், கூட்டிச் சொல்வது வேகத்துக்கு மட்டும். டயர் தேய்வுக்கு ஒரு வீதம் கழித்தால் உங்கள் 55 சரி.

ராஜகிரிய: முள் துள்ளுகிறது.

பதில்: கேபிள் காய்ந்திருக்கும். கிரீஸ் போடுங்கள், ஆனால் மீற்றர் பக்கத்து நாலு விரற்கடைக்கு மட்டும் போடாதீர்கள். இல்லாவிட்டால் சுருளோடு ஏறி உள்ளே கிண்ணத்தில் படியும், அப்புறம் என்னிடம் வர வேண்டியதுதான்.

ஜா-எல: விற்கப் போகிறேன், ஓடியதைக் குறைத்துத் தருவீர்களா?

பதில்: இல்லை.

களனி: எந்த ஆப்...

பதில்: தெஹிவளை, தெஹிவளை, தெஹிவளை.

கொட்டாஞ்சேனை: அண்ணா, ஃபோன் இல்லாமல் பார்க்கிற வழி கேட்டவன் நான்தான். இன்று காலை தம்பியோடு சிலாபத்துக்கு அப்பால் போய்விட்டு வந்தேன். மீற்றர் 60, ஐந்து கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 20 செக்கன், திரும்பி வரும்போது 5 நிமிடம் 22.

பதில்: வடிவான கணக்கு. 56 கிலோமீற்றர், வெள்ளவத்தைக்காரரின் ஃபோன் சொன்ன எண்தான். டயரில் காற்று எவ்வளவு இருந்தது?

கொட்டாஞ்சேனை: அதைப் பார்க்க மறந்துபோச்சு.