பேய்ப்படமும் செட்டிநாட்டு வீடும் – கடிதம்

அன்புள்ள சார்,

காரைக்குடியில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடத் திகில் குறும்படம் ஒன்று எடுத்தோம். ஊர் திரும்பும் பேரன் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறக்கிறான், உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பதுதான் கதை. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு வீடு. சாவி வைத்திருக்கும் ஆச்சி இரண்டு இரவுக்குச் சம்மதித்தார். முதல் இரவு முடிந்த காலையிலேயே சென்னையிலிருந்து அவருடைய பங்காளி ஒருவர் போனில், “எங்க வீட்டைப் பேய் வீடுன்னு ஊருக்குக் காட்டப்போறீங்களா?” என்று கோபப்பட்டார். இரண்டாம் இரவு இல்லாமல் போய்விட்டது.

க்ளோசப் எதுவும் கையில் இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. விடியும் நேரத்தில் எல்லோரும் களைத்துப்போய், ட்ரைபாடை முகப்பில் வைத்து அசையாமல் எடுத்த நீளமான ஷாட்டை வெட்டவும் மனமில்லை, வைக்கவும் தைரியமில்லை. வகுப்பில் எல்லோரும் அதைத்தான் குறை சொன்னார்கள். லொகேஷன் எங்களைத் தோற்கடித்துவிட்டது என்று நினைக்கிறேன். படத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள தம்பி,

படத்தை மூன்று முறை பார்த்தேன், ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு. நீங்கள் தயங்குகிற அந்த ஷாட்தான் உங்கள் படம்.

முகப்பில் கேமரா நிற்கிறது. எதிரே வளவு என்கிற நடுமுற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் கொல்லைக் கதவு. கதவு நிலைக்குள் நிலை, அதற்குள் இன்னொரு நிலை. டார்ச்சோடு உள்ளே போகிற பேரன் போகப் போகச் சிறுத்து, ஒரு பக்க அறைக்குள் திரும்பிவிடுகிறான். இப்போது யாருமே இல்லை. கேமரா மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு முதுகு சில்லிட்டது அப்போதுதான்.

அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. வாசலில் நின்றால் பார்வை கொல்லைவரை ஒரே கோடாக ஓடும்படி நிலைகளை வைத்திருப்பார்கள். வளவைச் சுற்றிலும் வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் என்று கட்டியவை. பார்க்கிறவரின் கண் நடுக்கோட்டில் நிற்கும். மனசு மூடிய கதவுகளில் எது திறக்கும் என்று அலையும். கேமராவைச் சாய்த்தவுடன் அந்தக் கோடு உடைந்துவிடுகிறது. உங்கள் சாய்வு ஷாட்கள் எல்லாவற்றிலும் தேக்குத் தூண்கள் சரிந்து கிடக்கின்றன, பயம் போய்விட்டது. பேரனின் பின்னாலேயே கேமரா ஓடுகிற இடத்திலும் அப்படித்தான். கூடவே நாமும் ஓடுவதால் அவனுக்குத் துணை இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. அவனைத் தனியாக விட்டது முகப்பு ஷாட் ஒன்றுதான்.

ஒன்று மட்டும் சொல்வேன். அதை வைட் லென்ஸில் எடுத்திருக்கிறீர்கள், கொல்லைக் கதவு ஒரு புள்ளியாகிவிட்டது. திண்ணைவரை பின்னால் வந்து 85 எம்எம் லென்ஸ் போட்டிருந்தால் நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி வந்திருக்கும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கியும் பார்த்திருக்கலாம். காலங்காலமாகக் கால் பட்டு மெருகேறிய, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெளிச்சத்தை ஏந்திக்கொள்ளும். அறையிலிருந்து ஆள் வெளிப்படுவதற்கு முன்பே தரையில் அந்தச் சாயல் வந்துவிடும். அதற்காக எந்த எஃபெக்டும் போட வேண்டியதில்லை.

கறுப்புப் பட்டைகளுக்கு வீடு காரணமில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்திருந்தால் பட்டை வந்திருக்காது. பட்டை விழுந்த இரண்டு ஷாட்களையும் நீக்கிவிடுங்கள், இழப்பில்லை.

இனி அந்தப் பங்காளியின் கோபம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் குடும்பங்களில் படைப்பு என்று ஒன்று உண்டு. இறந்துபோன முன்னோருக்குப் புதுத் துணி எடுத்துவைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் எல்லோரும் கூடிக் கும்பிடுகிற நாள். படைத்த துணியைப் பேழையில் வைத்துப் பாதுகாப்பார்கள். இறந்தவர்கள் அங்கே பேய் இல்லை, அழைத்து வரவேற்கப்படுகிறவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் வெள்ளைப் புடவை கட்டி ஓர் உருவத்தை அலற விட்டால், அவருடைய அப்பத்தாவை அலற விட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. சாவி ஒருவரிடம் இருக்கும், வீடு எல்லோருக்கும் சொந்தம். ஒருவர் சம்மதித்தால் போதாது என்பதைப் படம் எடுக்கப் போகிறவர்கள் தெரிந்துகொண்டுதான் படியேற வேண்டும்.

உங்கள் கதைக்கு வழியும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பல வருஷமாகப் பங்காளிகள் கூடவில்லை, படைப்பு நடக்கவில்லை. வீட்டுக்குள் இருப்பவர் பேரனைப் பயமுறுத்த வரவில்லை, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறார். அப்படி வைத்தால் கடைசி அலறலும் வெள்ளைப் புடவையும் தேவைப்படாது. முகப்பு ஷாட்டில் யாருமில்லாமல் ஓடுகிற நேரம் அந்தக் காத்திருப்பாகவே ஆகிவிடும். இதற்கு அந்த வீட்டுக்குள் இன்னொரு ஷாட்கூட எடுக்க வேண்டியதில்லை.

நான் மாணவனாக இருந்தபோது இதுபோன்ற ஒரு வீட்டில் எடுத்த படத்துக்கு உதவியாகப் போனேன். ட்ரைபாடை ஒரு பெஞ்சில் கட்டி வளவில் இழுத்தோம். பெஞ்சுக் கால் பட்டு ஒரு கல் மூலையில் பெயர்ந்துவிட்டது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் சாயக் கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்தப் பழைய நிறத்துக்கு ஈடாக ஒரு கல் கடைசிவரை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அடுத்த முறை ட்ரைபாட் காலுக்கடியில் மடித்த சாக்கை வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால் புதிய வடிவத்தை ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்களுக்காகப் பங்காளியிடம் பேச்சு வாங்கியவர் அவர்தான். அந்தப் பங்காளிக்கும் அனுப்பிவையுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான், அதற்கும் மனசைத் தயார் செய்துகொண்டு போங்கள். சம்மதித்தால் மட்டும் மேற்கொண்டு வேலை.

விட்டுப்போன க்ளோசப்களுக்குக் காரைக்குடியிலேயே இடம் இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலைகளும் கதவுகளும் சுவரில் சாய்ந்து நிற்கும். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, வியாபாரம் தொடங்குமுன் காலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள். பூட்டைத் திறக்கிற கை, சாவித் துவாரம், கதவில் பதிகிற விரல்கள், இவை போதும். உங்கள் வீட்டுக் கதவோடு வேலைப்பாடு ஒத்துப்போகிறதா என்று போட்டோ வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கையோடு ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துப் போங்கள். அந்தக் கீல்களின் சத்தம் எந்த ஒலித் தொகுப்பிலும் கிடைக்காது. கதவை மெதுவாக, பாதியில் நிறுத்தி நிறுத்தித் திறந்து ஐந்தாறு தடவை பதிவு செய்யுங்கள்.

அன்புடன்.